கேட்காமல் கட்டிய பிளெக்ஸ்

பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்கப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, பாடம் எப்படி நடத்துவது என்று நான் சொல்லப்போவதில்லை. நாற்பது வயதுக்காரருக்கு இயற்கணிதம் சொல்லிக்கொடுக்க ஆயிரம் வழி இருக்கிறது. உங்கள் வழியை நீங்களே கண்டுபிடித்துக்கொள்வீர்கள். நான் சொல்லப்போவது, ஒரு திங்கட்கிழமை காலையில் கையில் காய்கறிக் கத்தியோடு கேம்ப் ரோட்டுக்கு ஓடிய கதை. அப்போது எனக்கு வயது அறுபத்தொன்று.

அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றதும், சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் மாலை வகுப்பு தொடங்கினேன். பாதியில் பள்ளியை விட்டவர்கள் தனித்தேர்வர்களாகப் பத்தாம் வகுப்பு எழுதுவதற்கான வகுப்பு. கொத்தனார், வேன் டிரைவர், வீட்டு வேலை செய்பவர், இரண்டு பேரன் எடுத்த பாட்டி என்று எல்லோரும் வருவார்கள். நான் கண்டிப்பானவள். வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தால் வயது பார்க்க மாட்டேன், திட்டுவேன். அதையும் மீறி வந்தார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்தக் கர்வம்தான் இந்தக் கதையில் எல்லாவற்றையும் செய்தது.

கஸ்தூரி என்று ஒருவர் சேர்ந்தார். அது அவருடைய உண்மையான பெயர் அல்ல. இதை உங்களிடம் சொல்லலாமா என்று அவரைக் கேட்டேன். பெயரும் கம்பெனியும் வேண்டாம், மற்றதைச் சொல்லுங்கள் என்றார். நாற்பது வயதிருக்கும். ஏற்றுமதித் துணி தைக்கிற ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். ஒரு வரிசை மெஷினும் அதில் தைக்கும் பெண்களும் அவர் பொறுப்பு. வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காருவார், யாரோடும் அதிகம் பேச மாட்டார். கணக்கில் மட்டும் கை பறக்கும்.

அவர் வீடு பம்மலில். பம்மலிலேயே இரண்டு டுடோரியல் இருக்கின்றன. அதை விட்டுவிட்டு, வேலை முடிந்த களைப்போடு இரண்டு பஸ் மாறி சேலையூருக்கு வந்தார். இதைப் பார்த்து நான் என்ன நினைத்திருக்க வேண்டும்? இவருக்கு அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியக் கூடாது போலிருக்கிறதே என்று நினைத்திருக்க வேண்டும். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ‘நம் பெயர் பம்மல் வரைக்கும் போயிருக்கிறது’ என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள். நாலு பேர் பாஸானதும் உங்களுக்கும் இந்த வியாதி வரும்.

அந்த வருடம் எங்கள் வகுப்பிலிருந்து எழுதிய பதினோரு பேரும் தேறினார்கள். ஒருவர்கூடத் தவறவில்லை. ரிசல்ட் வந்த வெள்ளிக்கிழமை மாலை லட்டு வாங்கி வைத்திருந்தேன். கஸ்தூரி மதிப்பெண் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்று அழுதார். நான் எல்லோரையும் ஒவ்வொருவராகச் சுவரோரம் நிற்கவைத்து, “சிரிங்க, சிரிங்க” என்று சொல்லிப் படம் எடுத்தேன்.

நம் ஊரில் டுடோரியல் நடத்துகிற எல்லோருக்கும் ஒரு வழக்கம் உண்டு. தேறியவர்களின் முகங்களைப் பிளெக்ஸில் போட்டுக் கட்டுவது. நடைபாதையில் வைத்தால் எடுத்துப்போட்டு விடுவார்கள் என்பதால் எங்கள் மாடி பால்கனிக் கம்பியிலேயே கட்டச் சொன்னேன். பதினோரு முகம், கீழே என் போன் நம்பர். நடுவில் கஸ்தூரி, ஏனென்றால் அவர்தான் அதிக மதிப்பெண். அவர் முகத்துக்குக் கீழே நானே யோசித்து ஒரு வரி எழுதிக் கொடுத்தேன்: ‘பள்ளியை விட்டு இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு முதல் முயற்சியிலேயே தேர்ச்சி!’ பெயருக்குப் பக்கத்தில் பம்மல் என்று ஊரையும் சேர்த்தேன். ஞாயிறு மதியம் கட்டினார்கள். எதிர்ப்பக்கம் நின்று இரண்டு முறை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலை ஏழேகாலுக்கு போன் வந்தது. கஸ்தூரி பஸ்ஸில் இருந்தார், இரைச்சல் கேட்டது.

“மிஸ், இன்னா மிஸ் பண்ணி வெச்சிருக்கீங்க?”

எனக்குப் புரியவில்லை. வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, “என்னம்மா?” என்றேன்.

“போர்டு மிஸ்! நம்ம கிளாஸ் குரூப்ல போட்டோ வந்துகீது. அதைக் கழட்டிடுங்க மிஸ். எட்டேகாலுக்கு எங்க கம்பெனி வேன் அந்த வழியாத்தான் வரும். என் லைன் பொண்ணுங்க எல்லாம் அதுலதான் வருதுங்க.”

“வரட்டுமே. பெருமைதானே?”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பிறகு சொன்னார். ஆறு வருடத்துக்கு முன்னால் சூப்பர்வைசர் வேலை கொடுத்தபோது பத்தாவது பாஸ் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். சர்டிபிகேட் கேட்டபோது, முடிச்சூர் பக்கம் இருந்தோம், 2015 வெள்ளத்தில் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறார். அந்த வெள்ளத்தில் நிஜமாகவே எத்தனையோ பேருக்குப் போனது, அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. புதிதாக வந்த மேனேஜர் எல்லாருடைய சர்டிபிகேட்டையும் கேட்க ஆரம்பித்த பிறகுதான் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறார்.

“பாஸ் பண்ணிட்டு நானே போய் உண்மைய சொல்லிடணும்னு இருந்தேன் மிஸ். இன்னிக்குத்தான். பதினோரு மணிக்கு சாரைப் பாக்கலாம்னு மார்க் ஷீட்டை எடுத்துகினு வந்துகினு இருக்கேன். அதுக்குள்ள அவருக்கு வேற யாராச்சும் சொல்லிட்டா நான் திருடி மாதிரி ஆயிடுவேன். ஒம்பதுக்கு எங்க போனை எல்லாம் கேட்டுலயே வாங்கி வெச்சிருவாங்க. அதுக்கு மேல என்கிட்ட பேச முடியாது.”

என்னுடைய வகுப்பில் எட்டு மாதம் உட்கார்ந்திருந்த ஒருவரைப் பற்றி அவ்வளவு பெரிய விஷயம் எனக்கு அந்தக் காலையில்தான் தெரிந்தது. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல், சமையலறையில் கைக்குக் கிடைத்த கத்தியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கட்டியவன் நல்ல வேலைக்காரன். கயிறு என்று நான் நினைத்திருந்தேன், அவனோ கட்டுக்கம்பி போட்டு முறுக்கியிருந்தான். கம்பியைக் கத்தியால் அறுக்க முடியவில்லை. மணி ஏழு ஐம்பது. சரி, கஸ்தூரியின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்துவிடலாம் என்று பால்கனியில் குனிந்து, ஆளைச் சுற்றிச் சதுரமாக அறுத்தேன். கீழே மருந்துக்கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன டீச்சர், யார் மேல இவ்வளவு கோபம்? ஒரு ஆள் மட்டும் ஓட்டையா இருக்கு!”

அவர் சொன்னது சரி. பதினோரு முகத்தில் நடுவில் ஒரு ஓட்டை இருந்தால் தெருவில் போகிற எல்லோரும் யார் என்று கேட்பார்கள். கீழே பெயரும் அப்படியே இருந்தது. பதற்றத்தில் செய்கிற காரியம் இப்படித்தான் இருக்கும். அவர் குறடு எடுத்துக்கொண்டு மேலே வந்தார். இரண்டு பேருமாகக் கம்பிகளை நறுக்கி, சட்டத்தோடு உள்ளே இழுத்துப் போட்டபோது எட்டு மணி பத்து நிமிடம். கொஞ்ச நேரத்தில் அந்த வேன் சிக்னலில் நின்று, தாம்பரம் பக்கம் திரும்பிப் போனது. உள்ளே பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் எங்கள் மாடியைப் பார்க்கவில்லை. அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்பதே காலுக்குத் தெரியாத நம்பரிலிருந்து ஒரு அழைப்பு.

“குட் மார்னிங் மேடம். உங்க சென்டர் ரிசல்ட் பார்த்தேன், கங்கிராட்ஸ்.” மிகவும் மரியாதையான குரல். கம்பெனிப் பெயரைச் சொல்லி, அங்கே மேனேஜர் என்றார். “நேத்து சாயங்காலம் உங்க பில்டிங் கீழ மருந்து வாங்க வந்தேன். நம்பர் உங்க போர்டுலேருந்து எடுத்ததுதான். அதுல நடுவுல இருந்தவங்க எங்க ஸ்டாஃப் மாதிரி இருந்தாங்க. அவங்க இப்பதான் டென்த் பாஸ் பண்ணாங்களா மேடம்? ஒரு கன்ஃபர்மேஷனுக்குத்தான்.”

தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பார்கள். நான் வாலையும் பிடிக்கவில்லை. மாடு முந்தைய நாள் மாலையே போய்விட்டிருக்கிறது.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். எனக்கு அப்போது நாக்கின் நுனியில் ஒரு பொய் தயாராக இருந்தது. ‘அவங்க முன்னாடியே பாஸ் சார், மார்க் போதாதுன்னு மறுபடி எழுதினாங்க, நாங்கதான் போர்டுல தப்பா போட்டுட்டோம்.’ அழகான பொய். அவர் நம்பக்கூடச் செய்திருப்பார். ஆனால் பதினோரு மணிக்குக் கஸ்தூரி உள்ளே போய் உண்மையைச் சொன்னால், அது என் பொய்யோடு போய் முட்டும். இரண்டு பேரும் சேர்ந்து நாடகமாடுகிறார்கள் என்றாகிவிடும். சரி, உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால், அந்த ஒரு உண்மையைத்தான் அவர் தன் வாயால் சொல்ல வேண்டும் என்று எட்டு மாதமாக இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். முகத்தை எடுத்துத் தெருவில் மாட்டியது போதாதென்று, அதையும் நானே பிடுங்கிக்கொள்வதா?

“சார், என்கிட்ட படிக்கிறவங்களைப் பத்தி அவங்களைக் கேக்காம நான் யார்கிட்டயும் பேசறதில்லை” என்றேன். முந்தின நாள்தான் பதினோரு பேர் முகத்தைக் கேட்காமல் தெருவில் தொங்கவிட்டவள் சொல்கிறேன். சொல்லும்போதே எனக்குக் கூசியது.

“அப்ப ஆமான்னு எடுத்துக்கலாமா?”

“எதுவும் எடுத்துக்காதீங்க. அவங்க உங்க ஆபீஸ்லதானே இருக்காங்க? அவங்களையே கேளுங்க. இல்லை, அவங்களே வந்து பேசற வரைக்கும் கொஞ்சம் பொறுங்க.”

“மேடம், பத்தரைக்கு எனக்கு டைரக்டர் மீட்டிங். அதுல இதைக் கொடுக்கணும். லெட்டர் ரெடி பண்ணிட்டேன். பொய்யான தகவல் கொடுத்து வேலை வாங்கினா எங்க ரூல் என்னன்னு உங்களுக்குப் புரியும்னு நினைக்கிறேன்.”

போனை வைத்துவிட்டார். வேலை போகப்போகிறது. கஸ்தூரி பதினோரு மணிக்குப் போகலாம் என்று லைனில் நின்றுகொண்டிருப்பார், அதற்கு அரை மணி முன்னால் அவர் கதை முடிந்துவிடும். போனோ கேட்டில் இருக்கிறது. ஆட்டோவை நிறுத்தி ஏறினேன். தாம்பரம் மேம்பாலத்தை அந்த நேரத்தில் நீங்கள் தாண்டியிருக்கிறீர்கள் அல்லவா? பஸ்ஸுக்குப் பின்னால் பஸ். டிரைவர் தம்பி கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, “எதுக்கும்மா அழுவுற, ஆஸ்பத்திரியா?” என்று கேட்ட பிறகுதான் நான் அழுதுகொண்டிருப்பதே எனக்குத் தெரிந்தது.

கம்பெனி கேட்டை அடைந்தபோது பத்துக்கு மூன்று நிமிடம். செக்யூரிட்டி ஒரு வயதான மனிதர். கஸ்தூரி சூப்பர்வைசரைப் பார்க்க வேண்டும், ஐந்து நிமிடம் போதும் என்றேன்.

“அதெல்லாம் முடியாதும்மா. லைன் ஓடிக்கினு கீது. லஞ்சுக்கு வா.”

“அவசரம் அண்ணா.”

“நீ யாரு அவங்களுக்கு?”

டீச்சர் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். அந்த ஒரு வார்த்தையே போதும், உள்ளே பத்துப் பேருக்குப் பரவுவதற்கு. முந்தைய நாள் இருந்திருக்க வேண்டிய புத்தி, அப்போதுதான் வந்தது. “தெரிஞ்சவங்க” என்றேன்.

“வூட்ல யாருக்குனா எதுனா ஆயிடுச்சா?”

“ஆமா” என்று சொன்னால் உடனே கூப்பிட்டிருப்பார். ஆனால் கஸ்தூரிக்கு இரண்டு பிள்ளைகள். அந்தச் செய்தியோடு ஒரு தாயைக் கேட் வரைக்கும் ஓடிவரச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. “வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்க. நான் அவங்களுக்கு ஒரு தப்பு பண்ணிட்டேன். அதை இப்பவே சொல்லலைன்னா அவங்க வேலை போயிடும்” என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் காலில் ஒரு செருப்பு ஒரு மாதிரி, மற்றது வேறு மாதிரி. என்ன நினைத்தாரோ, உள்போனை எடுத்தார்.

கஸ்தூரி வர பத்து நிமிடம் ஆனது. நீலக் கோட்டு போட்டிருந்தார், அது சூப்பர்வைசர்கள் போடுவது. தோளில் நூல் துணுக்குகள். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

“வேன்ல பாத்துட்டாங்களா?”

“இல்லம்மா. உங்க மேனேஜர் நேத்தே பார்த்துட்டாரு. எனக்கு போன் பண்ணினாரு. பத்தரைக்கு மீட்டிங்ல லெட்டர் கொடுக்கப்போறாரு.”

“நீங்க இன்னா சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லல. உங்களையே கேக்கச் சொன்னேன்.”

என் கண்களையே பார்த்தார். நான் சொல்வதை நம்பலாமா என்று எடைபோட்டார். அதற்கு அவருக்கு முழு உரிமையும் இருந்தது. பிறகு கோட்டுப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், மதிப்பெண் தாள் அதில்தான் இருந்திருக்க வேண்டும். “மணி இன்னா?” என்றார். பத்து பதினொன்று என்றேன். திரும்பி நடந்தார். ஓடவில்லை, நடந்தார்.

எதிரில் ஒரு பஞ்சர் கடை. அதன் நிழலில் நின்றேன். பத்தரை ஆனது. பதினொன்று ஆனது. பஞ்சர் கடைக்காரர் ஒரு ஸ்டூலைத் தள்ளிவிட்டார், உட்காரப் பிடிக்கவில்லை. முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளைப் பரீட்சை ஹாலுக்குள் அனுப்பிவிட்டு வெளியே நின்றிருக்கிறேன். ஒருநாளும் இப்படிப் பயந்ததில்லை. ஏனென்றால் அங்கெல்லாம் தோற்றால் அவர்கள் படிக்கவில்லை என்று சொல்லிவிடலாம். இங்கே தோற்றால் அது நான்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்த பிறகு வந்தார். நீலக் கோட்டு இல்லை.

“வேலை இருக்கு” என்றார் முதலில். என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டுத்தான் அதை முதலில் சொன்னார் என்று நினைக்கிறேன். “சூப்பர்வைசர் இல்ல. மெஷின்ல உக்காரணும். அதே லைன்தான். நான் தையல் கத்துக்குடுத்த பொண்ணு ஒண்ணு கீது, இனிமே அதுதான் எனக்கு சூப்பர்வைசர்.”

“அவரு என்ன சொன்னாரு?”

“உள்ள போனதும் ஒரு பேப்பரை எடுத்தாரு மிஸ். நான் அவரை வாயைத் தொறக்கவே வுடல. சார், அதை அப்புறம் படிங்க, முன்னாடி நான் சொல்றதைக் கேளுங்கன்னேன். வெள்ளத்துல என் சர்டிபிகேட் போகல சார், போறதுக்கு அப்ப ஒண்ணும் கிடையாதுன்னு சொன்னேன். இப்பதான் கீது, இந்தா பாருங்கன்னு டேபிள் மேல வெச்சேன்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “ரொம்ப நேரம் அதையே பாத்துகினு இருந்தாரு. அப்புறம் அந்த பேப்பரை உள்ள வெச்சுட்டு வேற எழுதுனாரு. நீயே வந்து சொன்னதாலதான் வேலை மிச்சம்னாரு.”

நான் உள்ளே போய் அவரிடம் பேசுகிறேன் என்றேன். ஆறு வருடம் ஒழுங்காக வேலை செய்தவரைக் கீழே இறக்குவது என்ன நியாயம், இப்போதுதான் தகுதியும் வந்துவிட்டதே என்று படபடவென்று பேசினேன். கோபம் வந்தால் எனக்குப் பேச்சு நிற்காது.

“வேணாம் மிஸ்” என்றார். “பொய் சொன்னது நான். அதுக்கு இது சரிதான். நீங்க போய் பேசினா, மறுபடியும் என் விஷயத்தை நீங்க பேசற மாதிரி ஆயிடும்.”

நான் மன்னிப்புக் கேட்டேன். கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பரவாயில்லை மிஸ் என்றும் சொல்லவில்லை.

“சிரிக்கச் சொன்னீங்க, சிரிச்சேன். தெருவுல மாட்டுவேன்னு சொல்லலையே மிஸ்” என்றார். பிறகு உள்ளே போய்விட்டார், சாப்பாட்டு நேரம் முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் பிளெக்ஸ் கட்டவில்லை. அது பெரிய விஷயமில்லை. பிளெக்ஸ் கட்டாமலே ஒருவரைக் காட்டிக்கொடுக்க நமக்கு நூறு வழி இருக்கிறது. வகுப்புக்கு வரவில்லையே என்று வீட்டுக்கு போன் போட்டு மாமியாரிடம் கேட்பது, கடையில் பார்த்ததும் ‘படிப்பு எப்படிப் போகுது’ என்று முதலாளி காதுபடக் கேட்பது, எல்லாம் அக்கறைதான். புதிதாக ஒருவர் சேர வந்தால் ஏன் படிக்க வந்தீர்கள் என்று நாம் எல்லோரும் கேட்கிறோம், கேட்டுக் கண்கலங்குகிறோம். நீங்கள் அதைக் கேட்காவிட்டாலும் பரவாயில்லை. இது யாருக்குத் தெரியக் கூடாது என்று கட்டாயம் கேளுங்கள். பதில் சொல்லாவிட்டால், எல்லாருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளை பாஸானால் அது ஊருக்கே நல்ல செய்தி. பெரியவர் ஒருவர் பாஸானால், அதுவரை பாஸாகவில்லை என்பதும் அதே செய்தியில் சேர்ந்து வெளியே போகிறது. இதைக் கணக்கு டீச்சரான எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானும் யோசிக்கவில்லை.

கஸ்தூரி அதன் பிறகு எங்கள் மாடிக்கு வரவில்லை. பிளஸ் ஒன் சேரச் சொல்லி மற்ற பத்துப் பேரையும் கூப்பிட்டேன், அவரைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

ஒரு வருடம் போயிருக்கும். தாம்பரம் பஸ் நிலையத்தில் ஒருநாள் காலை அவரைப் பார்த்தேன். தூணோரம் நின்று ஏதோ படித்துக்கொண்டிருந்தார், தடித்த புத்தகம், பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டது. நான் பக்கத்தில் போவதற்குள் நிமிர்ந்து பார்த்துவிட்டார். பார்த்ததும் சட்டென்று புத்தகத்தைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார்.

என்னிடமிருந்து மறைத்தார். என்னம்மா படிக்கிறீங்க, எங்கே படிக்கிறீங்க, கணக்கு எடுத்திருக்கீங்களா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. பிள்ளைகள் நலமா என்றேன், நலம் என்றார். பல்லாவரம் பஸ் போய்விட்டதா என்றேன், இன்னும் வரவில்லை என்றார். இரண்டு பேரும் சாலையைப் பார்த்தபடி நின்றோம்.

அவருடைய பஸ் வந்தது. கூட்டத்தோடு படியில் கால் வைத்தவர் திரும்பினார்.

“பிளஸ் ஒன் மிஸ். வேற எடத்துல” என்றார். கண்டக்டர் விசில் அடித்தார். “காமர்ஸ் எடுத்துக்கீறேன்.”

பஸ் நகர்ந்துவிட்டது. அவரிடம் நான் எதையும் கேட்டிருக்கவில்லை. அவராகவே சொன்னார்.